கைப்பும் கசப்பும்

வகுப்பில் நாற்பத்தியிரண்டு பேர். தேவசகாயம் நாற்பத்திமூன்று காகிதத் துண்டு எடுத்து வைத்திருக்கிறார். கண்ணாடித் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கின்றன, பஸ் டிக்கெட்டைப் பாதியாகக் கிழித்த அளவு. இந்த ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருக்கிறவருக்கு எண்ணத் தெரியாமல் போகாது. வேண்டுமென்றே ஒன்று கூட வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது, தோன்றியதும் எரிச்சல் வருகிறது, எரிச்சல் வந்ததும் பாவம் இவருக்கு என்ன தெரியும் என்றும் தோன்றுகிறது. ஒன்று அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன். கிடக்கட்டும் சார், எவனாவது கீழே போட்டுவிடுவான் என்றார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு எதுவும் அவ்வளவுதான் என்று நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரபி போன் செய்தாள். என் மகள், ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து கிளம்பிப் போனவள் பத்து மாதமாக வரவில்லை. நானாக அழைத்தால் எடுப்பாள், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அதோடு சரி. அன்றைக்கு அவளாக அழைத்தாள். "அப்பா, காலேஜ்ல வருஷா வருஷம் ஒரு பேப்பர் குடுப்பீங்கல்ல, சில பேருக்குப் பொறப்புலயே கசப்பு தெரியாதுன்னு. அத நீங்க வச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "வச்சுப் பாருங்க. தெரியலன்னா அது உங்க தப்பு இல்லப்பா. காலாண்டு லீவுக்கு நான் வீட்டுக்கு வர்றேன்." தெரிந்தால் என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேச ஆரம்பித்தால் வாய் தானாகப் பேசும், அதற்கு நான் தேவையில்லை. வெளிநாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கொட்டிய தூள் காற்றில் பறந்தது, பக்கத்தில் இருந்தவர் ஐயோ கசக்கிறதே என்றார், கொட்டியவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை, இருவரும் சண்டை போட்டார்கள், அந்தச் சண்டையிலிருந்து வந்ததுதான் இந்தப் பாடம், அந்தத் தூளைக் கரைத்துத் தோய்த்ததுதான் இந்தக் காகிதம். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ஏழாவது குரோமோசோமில் ஒரு மரபணு, அது நாக்கில் கசப்பை உணர்கிற ஒரு ஏற்பியை உண்டாக்குகிறது, அதன் ஒரு வடிவம் கிடைத்தவருக்கு இந்தக் காகிதம் கசக்கும், அப்பா அம்மா இரண்டு பக்கமும் மற்ற வடிவம் கிடைத்தவருக்கு வெறும் காகிதம். முட்டைக்கோஸ், கடுகுக்கீரை இவற்றில் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு, ஆகவே சிலர் இவற்றைத் தொட மாட்டார்கள், வீட்டில் அடம் என்பார்கள், அடம் இல்லை, அவர்கள் நாக்கு அப்படி. இதை எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். இருபத்திரண்டு வருடம். இருபத்திரண்டு வருடம் இங்கே நின்று அடம் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் என் மனைவி பகவதியிடம் அடம் பிடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை. கல்லூரியில் ஒரு மூளை, வீட்டில் ஒரு மூளை. அவள் முட்டைக்கோஸ் பொரியலை எனக்கு மட்டும் செய்வாள், பால் இல்லாத காப்பியைக் கண்டால் ஓடுவாள், ஆரபியும் அவளும் ஒரு கட்சி, பாகற்காய் வாங்கிவந்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் வட்டம் வட்டமாகப் பொரித்ததை முறுக்கைத் தின்கிற மாதிரி அவர்கள் முன்னால் கடித்துக் காட்டுவேன். எனக்குக் கசப்பெல்லாம் ஒன்றும் பண்ணாது என்பேன். அந்தப் பெருமையைத்தான் ஆரபி இத்தனை நாள் கழித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு வயதில் அவளை மடியில் இறுக்கிப் பிடித்து ஒரு துண்டை வாயில் திணித்தேன், விழுங்கிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று. ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். ஒரு மணி நேரமும் நான் விடவில்லை.

பகவதிக்கு ஊர் தக்கலைப் பக்கம். அங்கே எதுவும் கசப்பது இல்லை, கைக்கும். கீரை கைக்குது, மாத்திரை கைக்குது, டீத்தூள் கூடினால் கைக்குது. கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. கைக்குதா, கால்க்கலையா என்பேன். கசக்குதுன்னு சொல்லு, கோவில்பட்டியில் எவனுக்கும் புரியாது என்பேன். கைப்பு என்பது பழைய நல்ல தமிழ் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அவள் பேச்சில் எவ்வளவோ மாறியது, அந்த ஒரு சொல் மட்டும் மாறவில்லை. போகப்போக அது என் காதில் விழுவதே நின்றுவிட்டது. கைக்குது என்றால் பகவதி பேசுகிறாள் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை. இப்போது வரிசையாக வந்து துண்டை எடுத்துப் போகிறார்கள். நாக்கின் நடுவில் வைக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, அவரவர் நாக்கு அவரவருக்கு. சொல்லி முடிப்பதற்குள் முன் பெஞ்சில் பேச்சியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. மூக்கு ஏறுகிறது, கண்கள் இடுங்குகின்றன, கீழுதடு வெளியே வருகிறது. எனக்கு அந்த முகம் தெரியும். அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு நடிக்காதே என்றிருக்கிறேன். இந்தப் பெண்ணை யாரும் நடிக்காதே என்று சொல்லவில்லை. ஓடிப்போய்க் குழாயில் துப்பிவிட்டு வந்து உட்காருகிறாள், பக்கத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். எனக்குப் பயம்தான் வருகிறது, வேறு பெயர் வைத்துப் பிரயோஜனம் இல்லை.

பகவதிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது போன ஆண்டு. காலையில் நான் நடக்கப் போகிற கூட்டத்தில் ஒருவர் சுரைக்காய்ச் சாறு சொன்னார், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர், நாற்பது நாளில் பாருங்கள் என்றார். சுரைக்காய்க்கு என்ன, தண்ணீர்க் காய், கைக்கவும் செய்யாது கசக்கவும் செய்யாது, உனக்கு ஏற்றது என்று நானே தள்ளுவண்டியில் வாங்கி வந்தேன். பதினோரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பன்னிரண்டாம் நாள் நான் கூடத்தில் உட்கார்ந்து இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓடி நின்றது. தம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் நிற்பது தெரிந்தது, நிமிரவில்லை. "என்னங்க, இன்னைக்குக் கசக்குதுங்க" என்றாள். கசக்குது. கைக்குது இல்லை, கசக்குது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அது எனக்குக் கேட்டது, அந்தச் சொல் மாறியது கேட்டது, அதுதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. பரவாயில்லையே, தமிழ் வந்துவிட்டதே என்று நினைத்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் சொன்னால் எனக்குக் கேட்பதில்லை என்று தெரிந்து என் சொல்லை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள், நான் உச்சரிப்புக்கு மார்க் போட்டேன். உனக்கு எதுதான் கசக்கவில்லை, கசந்தால்தான் மருந்து, கண்ணை மூடிக்கொண்டு குடி என்றேன். கசந்தால் நல்லது. பகலெல்லாம் விஷச்செடிகளின் கசப்பு ஏன் வந்தது, விலங்குகள் ஏன் துப்புகின்றன, கசப்பு என்பது இயற்கை வைத்த எச்சரிக்கை என்று பாடம் நடத்துகிற வாயால் அதைச் சொன்னேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். வேப்பங்கொழுந்தைக் கொடுக்கும்போது, கஷாயம் புகட்டும்போது, கசக்குதா, அப்போ உடம்புக்கு நல்லது என்று எந்த வீட்டில் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் விலங்கியல் வாத்தியார் இல்லை.

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அப்புறம் நான் குடிக்கேன்." தம்ளரை நீட்டினாள். வாங்கினேன். இதுவரைக்கும் சந்தேகம் இல்லை, எவர்சில்வர் தம்ளர், வெளியே ஈரம், கையில் சிவப்புப் பேனா இருந்ததால் இடது கையில் வாங்கினேன். அதற்குப் பிறகு மூன்று விதமாக நடக்கிறது. ஒன்றில் நான் ஒரு வாய் குடிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, கசக்கவில்லையே என்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். ஆரபியிடமும், வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன், இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன், சொல்லச் சொல்லக் குடித்த ஞாபகமே வந்துவிட்டது, பச்சை வாசனை, தொண்டையில் குளிர்ச்சி, எல்லாம். டாக்டர் சின்னப் பையன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களுக்கு ஒன்றும் பண்ணவில்லையா என்று கேட்டார். ஒரு வாய்தானே என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆரபி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இன்னொன்றில் தம்ளரை உதட்டில் வைக்கிறேன், மீசை நனைகிறது, உள்ளே போகவில்லை. மூன்றாவதில் தம்ளரை உதட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டு, அடுத்த விடைத்தாளைப் புரட்டிக்கொண்டே, கசக்கலையே, சும்மா குடி என்று திருப்பிக் கொடுக்கிறேன். அவள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். ஒன்பது மணிக்கு வாந்தி. பத்தரைக்கு வாந்தியில் ரத்தம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. சுரைக்காய் சில சமயம் கசந்துவிடும், கசந்த சுரைக்காய் விஷம், துப்பியிருந்தால் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். துப்பியிருந்தால் ஒன்றுமில்லை. அவள் துப்பத்தான் வந்தாள், என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத் துப்பலாம் என்று வந்தாள்.

சார், முப்பது பேருக்குக் கசக்கு, பன்னெண்டு பேருக்கு ஒண்ணும் இல்லை என்று கரும்பலகை அருகிலிருந்து எண்ணிச் சொல்கிறார்கள். கணக்கைப் போடச் சொல்கிறேன். தட்டில் ஒன்று மிச்சம் இருக்கிறது, யாரும் கீழே போடவில்லை. வாத்தியார் சோதனைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன், அதனால் தொட்டதில்லை. நான் மாணவனாக இருந்தபோதும் தொட்டதில்லை, அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் ஒரு சீனியரின் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதினேன், அவனுக்குக் கசந்திருந்தது, எனவே எனக்கும் கசந்தது, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். சிரிப்பு வருகிறது. எடுத்துவிட்டேன். விரலில் இருக்கிறது, எடையே இல்லை. கசந்தால் என்ன செய்வது. கசந்தால் ஆரபிக்கு என்ன சொல்வது, அல்லது கசந்தாலும் கசக்கவில்லை என்று சொல்லிவிடலாமே, அவள் வந்து என் நாக்கைப் பார்க்கப் போகிறாளா. அப்படிச் சொல்ல முடியுமென்றால் எதற்கு வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்க வேண்டும், ஏதாவது ஒன்றாவது எனக்குச் சாதகமாக நிஜமாக இருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வைத்தேன். ஒன்று, இரண்டு. எச்சில் ஊறுகிறது. நான்கு. காகிதம் நனைந்து ஒட்டுகிறது. ஆறு, ஏழு. மென்றேன். வெறும் காகிதம். நோட்டின் ஓரத்தைக் கிழித்துத் தின்ற மாதிரி. பத்து. இருபது வரைக்கும் எண்ணினேன், ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம், வெட்கம் கெட்ட சந்தோஷம், பத்து மாதத்தில் இப்படி ஒன்று வரவில்லை. போனை எடுத்து ஆரபிக்கு அடித்தேன், வச்சுப் பாத்தேன்மா, எனக்குத் தெரியல. அனுப்பியும் விட்டேன். உடனே பார்த்துவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. பிறகு வந்தது. அப்பா. சனிக்கிழமையே வர்றேன்ப்பா. அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதுதான், இவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ, சாத்தூர் பஸ் நிலையம் வந்தது. நாலைந்து வருடம் முன்பு, நானும் பகவதியும் மதுரைக்குப் போகிறோம், ஜன்னல் வழியாக வெள்ளரிக்காய் வாங்குகிறேன், உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியது, முதல் கடியிலேயே காம்புப் பக்கம் கடும் கசப்பு, கடித்ததை அப்படியே வெளியே துப்புகிறேன். பகவதி முதுகைத் தடவுகிறாள். கைக்குதா என்று கேட்கிறாள். வெள்ளரிக்காயில் கசப்பதும் சுரைக்காயில் கசப்பதும் ஒரே பொருள். பாடத்தில் இருக்கிறது, நான் நடத்துகிறேன். அந்தக் கசப்பை என் நாக்கு ஒரு கடியில் கண்டுபிடித்துத் துப்பியது. ஆகவே மூன்று விதமாக நடக்கவில்லை. ஒரு வாய் குடித்திருந்தால் துப்பியிருப்பேன், மீசை நனைந்து நுனி நாக்கில் பட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். நான் குடிக்கவில்லை. தம்ளர் என் உதட்டுக்கு வரவேயில்லை. குடிக்காமல் கசக்கவில்லை என்றேன், ஏழாம் கேள்விக்கு இரண்டரை மார்க் போட்டேன்.

"சார்." பேச்சியம்மாள் எழுந்து நிற்கிறாள். நல்ல பெண், எழுதிக்கொள்வதற்கு முன்னால் யோசிக்கிறவள், இந்த வகுப்பில் அப்படி இரண்டு பேர் தேறுவார்கள். என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்கள், கேட்காவிட்டால் நானே சொல்வேன். நாக்கில் கசப்புக்கென்று இருபத்தைந்து வகை ஏற்பிகள் இருக்கின்றன, இந்தக் காகிதம் அவற்றில் ஒன்றிடம் மட்டும்தான் பேசும், அந்த ஒன்று ஊமை என்றால் மற்றவை ஊமை என்று அர்த்தமில்லை, காகிதம் தெரியாதவருக்கும் வேம்பு கசக்கும், பாகல் கசக்கும். இதுதான் இந்தப் பாடத்தின் முடிவு, இதைச் சொல்லாமல் ஒரு வருடமும் மணி அடித்ததில்லை. இன்றைக்குக் காகிதத்தைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன், மறந்து விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. "சார், இந்தப் பேப்பர் தெரியலைன்னா அவங்களுக்கு எந்தக் கசப்பும் தெரியாதா சார்? விஷக் காய் எதையாவது தின்னாக்கூடத் தெரியாதா?" நாற்பத்தியிரண்டு பேரும் பேனாவோடு பார்க்கிறார்கள். போன் கையில் இருக்கிறது, திரையில் சனிக்கிழமை என்று இருக்கிறது. வீட்டைக் கூட்ட வேண்டும், மிக்ஸியைப் பரணில் ஏற்ற வேண்டும், அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது வாங்கி வைக்க வேண்டும், பத்து மாதம் கழித்து அந்த வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் கேட்கும். "தெரியாது" என்கிறேன். "எந்தக் கசப்பும் தெரியாது." பேச்சியம்மாள் சந்தேகமாகத் தலையைச் சாய்க்கிறாள், பிறகு வாத்தியார் சொல்கிறார் என்று குனிந்து எழுதத் தொடங்குகிறாள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், சார் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க சார், எழுதிக்கிடுதோம் என்கிறான். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, டிக்டேஷனுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இரண்டாவது தடவையும் சொன்னேன்.